கணக்கு கேட்காமல் போனவருக்கும், கை கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், வாப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், எங்களோடு கண் விழித்தவர்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகையில் துஆ கேட்டவர்கள், தங்கள் சாமியிடம் வேண்டிக்கொண்ட நண்பர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜஸாக்குமுல்லாஹு கைரன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும். வாப்பா அவரிடம் கடன் வாங்கியிருந்தார். தருவதாகச் சொன்ன தேதி, வாப்பா படுக்கையில் கிடந்தபோதே வந்து போனது. அவர் மருத்துவமனை வாசலில் நின்றதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. என்ன சொல்லி அவகாசம் கேட்பது என்று மனதுக்குள் வார்த்தை தேடினேன். அவரோ நேராகப் போய் வாப்பாவின் நெற்றியில் கை வைத்து ஓதினார். கிளம்பும்போது என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்து, "தம்பி, அந்தக் கணக்கை நெனச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வாப்பா எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அறை முழுக்கச் சொந்தக்காரர்கள். ஒருவர் காதிலும் விழாதபடி சொன்னார். அவர் மறைத்ததை நான் இங்கே எழுதுவதற்கும் காரணம் உண்டு. "நான் கடன்பட்டது நாலு பேருக்குத் தெரிந்தால் தெரியட்டும், நீ எழுது" என்று சொன்னது வாப்பாதான்.

'கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள்' என்பது குர்ஆன் வசனம் (2:280). எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். கடன்பட்ட வீட்டுப் பிள்ளையாக நின்று கேட்டபோதுதான், அல்லாஹ் யார் பக்கம் நின்று பேசுகிறான் என்பது உறைத்தது. பணத்தைக் கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது. தேதியும் தாண்டியிருந்தது. கேட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. 'என் கருணை என் கோபத்தை முந்திவிட்டது' என்று ரப்பு, நம் இறைவன், தன்னைப் பற்றிச் சொல்வதை ஹதீஸில், அதாவது நபிமொழியில், படிக்கிறோம். அந்த வராந்தாவில் ஒரு மனிதரின் இரக்கம் அவருடைய உரிமையை முந்திப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் ஒரு வியாபாரி வருகிறார். மக்களுக்குக் கடன் கொடுப்பவர். வசூலுக்குப் போகும் ஆளிடம், "கஷ்டப்படுகிறவனைக் கண்டால் விட்டுவிடு, அல்லாஹ் நம்மையும் விட்டுவிடலாம்" என்பாராம். அல்லாஹ்வும் அவரை மன்னித்துவிட்டான். பெரிய தர்மம், பெரிய வணக்கம் என்று எதுவும் அந்த ஹதீஸில் இல்லை. நெருக்காமல் இருந்தார், அவ்வளவுதான். எங்களை நெருக்காதவருக்கும் அந்த மன்னிப்பு கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறேன்.

எனக்குத் தர வேண்டியவர்களும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். என்னைக் கண்டு அவர்கள் தயங்கி நிற்பதற்கு முன்னால், நானே தனியாக அழைத்து அவசரமில்லை என்று சொல்லிவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

அவர் தவணை கொடுத்துவிட்டார் என்பதற்காக எங்கள் கடன் கடன் இல்லாமல் போய்விடாது. வாப்பா சார்பில் அதை நான் அடைப்பேன். அவர் யாரென்று மட்டும் கேட்காதீர்கள். வாப்பாவுக்குத் தொடர்ந்து துஆ செய்யுங்கள்.