பாம்பு விஷயமாக விசாலத்துக்கு

அன்புள்ள விசாலம்,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் மொத்தமாகத் திட்டிவிடு, தவணை வேண்டாம். இங்கே எல்லாரும் சௌக்கியம். பேரன் இட்லியைக் கண்டால் ஓடுகிறான். மெல்போர்ன் பக்கத்துக் குளிர் என் முட்டியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுது. டாக்டரிடம் சொல்லும் கணக்கு வேண்டாம், உண்மையான கணக்கு.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, ஒரு பாம்பைக் கையில் எடுத்தேன். கரப்பான்பூச்சிக்குப் பெஞ்சு மேல் ஏறியவளா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. இது பாசிமணிப் பாம்பு. நான் வாரம் ஒருநாள் உதவிக்குப் போகும் ஊர் அருங்காட்சியகத்தில், கறவை வாளிகளுக்கும் குதிரைச் சேணங்களுக்கும் பின்னால் ஓர் இழுப்பறையில் சுருண்டு கிடந்தது. ஐந்தடி நீளம். முதுகில் பச்சையும் கறுப்புமாக நெளிவரி, வயிறு வெள்ளை. திறந்த வாயில் ஒரு பல்லி, அதுவும் மணியாலேயே. வயிற்றின் நீளத்துக்கு ஆங்கிலத்தில் ‘துருக்கிக் கைதிகள் 1917’ என்று எழுத்து.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட ஒட்டோமான் சிப்பாய்கள், அதாவது அந்தக் காலத்துத் துருக்கிப் பேரரசின் சிப்பாய்கள், செய்தது. எகிப்தில் ஹெலியோபோலிஸ், மாதி போன்ற இடங்களில் அவர்களுக்குப் பெரிய முகாம்கள் இருந்தன; சைப்ரஸில் ஃபமகுஸ்தாவுக்குப் பக்கத்தில் ஒன்று. கம்பி வேலிக்குள் பொழுது போக வேண்டும், புகையிலைக்குக் காசும் வேண்டும். பை, கழுத்துமணி, பாம்பு என்று பின்னித் தள்ளியிருக்கிறார்கள். எகிப்து முகாம்களைப் பார்வையிட்ட செஞ்சிலுவைச் சங்கத்தாரின் அறிக்கையிலேயே இந்த மணிவேலை பற்றி வருகிறது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அம்மாவுக்கு, தங்கைக்கு என்று வாங்கி வந்தார்கள். பாம்பை யார் தங்கைக்கு வாங்குவார்கள் என்று கேட்காதே, வாங்கியிருக்கிறார்கள்.

விசாலம், அதைத் திருப்பிப் பார்த்தவுடன் எனக்கு ஸ்டெல்லா டீச்சரின் பிரம்பு ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாம் பின்னிய அந்தக் குரோஷாப் பையேதான்! மணிகளை முதலில் நூலில் கோத்துக்கொண்டு, பிறகு கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பின்னியிருக்கிறான். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். ஒரு சுற்றுக்கு 18 மணி, ஓர் அங்குலத்துக்கு 12 சுற்று. ஆக மொத்தம் 13 ஆயிரத்துக்குப் பக்கம். கடைசியில் கோத்த மணிதான் முதலில் பின்னலுக்கு வரும் என்பது உனக்குத் தெரியும்; மஞ்சள் பை விவகாரத்துக்குப் பிறகு உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அப்படியென்றால் எழுத்துகளையும் தலைகீழ் வரிசையில் கோத்திருக்க வேண்டும். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவனாக இருந்தால் அது வெறும் கட்டக் கோலம்தான். ஓரிடத்தில் வரிசை பிசகியிருக்கிறது. ‘N’ என்ற எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மனிதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது, என்ன செய்ய.

பழைய விவரச் சீட்டில் ‘எதிரியிடமிருந்து கைப்பற்றியது’ என்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். கைப்பற்றுவதாவது! காசு கொடுத்து வாங்கிய சாமான். மாற்றி எழுதுவோம் என்றால், கொடுத்த குடும்பத்தார் மனம் வருந்துமாம். மூன்று புதன்கிழமைகளாக இதே சண்டை. தேநீர் மட்டும் தவறாமல் தருகிறார்கள்.

‘துருக்கிக் கைதி’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. அந்தச் சேனையில் அரபியர் இருந்தார்கள், குர்துகள் இருந்தார்கள், அர்மீனியரும் இருந்தார்கள். இதைப் பின்னியவன் துருக்கிக்காரன்தான் என்பதற்கு என்ன சாட்சி? வாங்குகிறவனுக்குப் புரிகிற பெயரை எழுதி விற்றிருக்கலாம். மகன் போன மாதம் எங்களை இங்கே டட்டூரா என்ற ஊருக்கு அழைத்துப்போனான். இரண்டாம் போரில் அந்தப் பக்கம் முழுக்கச் சிறைமுகாம்கள். ஊர்க்காரர்களே நடத்தும் அருங்காட்சியகத்தில் அடைபட்டிருந்தவர்கள் செய்த சாமான்களை வைத்துக் காக்கிறார்கள். அந்த மனிதர்களின் கதைகளும் கூடவே இருக்கின்றன. என் பாம்புக்காரனுக்குக் கதையும் இல்லை, ஒரு முதலெழுத்துகூட இல்லை.

ராத்திரி படுத்தால், அதே போரில் பஸ்ரா பக்கம் போய்வந்த உங்கள் பஸ்ரா தாத்தா நினைவுதான். 1916 ஏப்ரலில் மெசபொடேமியாவில், இன்றைய இராக்கில், கூட் நகரில் பிரிட்டிஷ் தளபதி டவுன்ஷெண்டின் படை ஒட்டோமான் சேனையிடம் சரணடைந்தபோது பிடிபட்ட சுமார் 13 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் நம் இந்தியர்கள். பாலைவனத்தில் நடத்தியே கொண்டுபோனார்கள். வழியிலேயே எத்தனையோ பேர் விழுந்தார்கள். தாத்தா அதில் சிக்காமல் பேரீச்சம்பழப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார். சிக்கியவர்கள் தங்களைப் பிடித்தவர்களுக்கு ஏதாவது செய்து விற்றிருப்பார்களா? அங்கே ஏதோ ஓர் ஊரின் இழுப்பறையில், தப்பும் தவறுமான துருக்கி எழுத்தோடு ஏதாவது கிடக்குமா? இன்னொன்று தெரியுமா, மெசபொடேமியாவில் பிடிபட்ட ஒட்டோமான் சிப்பாய்களில் ஒரு பகுதியினரை நம் பெல்லாரியில்தான் வைத்திருந்தார்கள். அப்போது அது சென்னை மாகாணம். பெல்லாரி வெயிலைப் பற்றி உன் அண்ணி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாவம்.

சரி, உன் உதவி வேண்டும். நூல் மக்கிவிட்டது. நான் தூக்கியபோதே கழுத்துப் பக்கம் நாற்பது மணி உதிர்ந்தது. பொறுக்கி ஒரு மாத்திரை டப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். கை பரபரக்கிறது, ஒரு மணி நேரத்தில் பின்னிவிடுவேன்; ஆனால் புது நூல் போடக் கூடாது, உதிர்ந்தது உதிர்ந்தபடியே இருக்கட்டும் என்கிறார்கள். இந்த ஒன்றில் அவர்கள் சொல்வது சரி என்றுதான் படுகிறது. அவர்களிடம் சொல்லிவிடாதே.

எட்டுப் படங்கள் இதோடு வைத்திருக்கிறேன். ஆறாவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார். வாலிலிருந்து ஒரு சாண் தள்ளி பின்னல் இறுகுகிறது, அதுவரை தளர்வாகத்தான் இருக்கிறது. இரண்டு பேர் கை என்று எனக்குப் படுகிறது. ‘கைதிகள்’ என்றுதானே எழுதியிருக்கிறது, பன்மையில். நான் தளர்வாகப் பின்னி, நீ இறுக்கிப் பின்னி, பை கோணிக்கொண்டு போனதே, அதே மாதிரி. உனக்கும் அப்படித் தெரிகிறதா, இல்லை நூல்தான் சுருங்கியிருக்கிறதா? பார்த்துவிட்டு உடனே எழுது. என்னைப்போலப் பங்குனி வரை இழுக்காதே.

உன்,
கோமதி