பாதாளச் சாக்கடை நாற்றத் தடுப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் நம் குடியிருப்புத் தெருக்களைப் பிடித்து ஆட்டிய சாக்கடை நாற்றத்துக்காக எடுத்துக்கொண்ட வேலைகள் முடிந்துவிட்டன. கோபுரத்துக்கு வர்ணம் அடித்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும். இந்தத் திருப்பணியில் கண்ணில் படுவது மாடிகளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள் மட்டுமே. ஆகவே நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பணம் போன வழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்டது, மேன்ஹோல் மூடிகளைச் சுற்றிச் சிமெண்ட் பூசி அடைத்துவிட வேண்டும் என்பதுதான். செயற்குழு அதற்கு இசையவில்லை. அதில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. கழிவுநீர் குழாயில் தேங்கி நின்றால் அதிலுள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் பாசி போன்ற படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த சல்பேட்டைக் கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுவுடையது. வெயில் ஏற ஏற உற்பத்தியும் ஏறும்; சித்திரை, வைகாசியில் வாசலில் உட்கார முடியாமல் போனது அதனால்தான். உண்டான வாயு எப்படியும் வெளியேறியே தீரும். தெருவில் வழியை அடைத்தால் அடுப்படிக்கு வரும்.

வெள்ளிக் குங்குமச் சிமிழ் துலக்கிய சில நாட்களிலேயே கறுத்துவிடுகிறது என்று ஓர் ஆச்சி குறைபட்டுக்கொண்டார். வேலைக்காரப் பெண் சரியாகத் தேய்ப்பதில்லை என்பது அவருடைய முடிவு. வெள்ளியைக் கறுக்க வைப்பதும் இதே வாயுதான். ஏ.சி. இயந்திரத்தின் செம்புக் குழாய்களையும் அது அரிக்கும். மேன்ஹோலின் ஈரச் சுவரில் அது கந்தக அமிலமாக மாறுகிறது. பழைய மூடி ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோது, அடிப்பக்கத்துச் சிமெண்ட் விரல் பட்டாலே உதிர்ந்தது, உள்ளிருந்த கம்பி துருவேறி வெளியே தெரிந்தது.

வாயு எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க, மாநகராட்சியின் அனுமதியுடன் ஒரு மேன்ஹோலில் காற்றூதி வைத்துப் புகையைச் செலுத்தினோம். "தெருவுக்கே சாம்பிராணி போடுகிறீர்களா, அண்ணாச்சி?" என்று கேலி செய்தவர் வீட்டு மாடிக் குளியலறையிலிருந்தே முதலில் புகை வந்தது. மகன் வெளியூரில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் அறை அது. தரையில் பதித்திருக்கும் நஹானி டிராப்பில், அதாவது தண்ணீர் வடியும் வாய்க்குக் கீழே உள்ள கிண்ணத்தில், நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப் போயிருந்தது. அந்தக் கிண்ணத்தில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் நின்றாலே வாயு அதைத் தாண்டாது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் புகை நின்றது. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, மேல்தளம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் தெருக்களில் நிறைய. அங்கெல்லாம் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போவதானால் அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் விட்டுவிட்டுப் போங்கள், சீக்கிரம் வற்றாது.

வேறு வீடுகளில் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயை டிராப் இல்லாமல் நேரே சாக்கடைக் குழாயில் சொருகியிருந்தார்கள். சில வீடுகளில் மழைநீர்க் குழாயிலிருந்து மொட்டை மாடியில் புகை வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

செலவில் பெரும்பங்கு வென்ட் குழாய்களுக்கு, அதாவது சாக்கடைக் காற்றை மாடிக்கு மேல் வெளியேற்றும் குழாய்களுக்குப் போனது. மாடியில் ஃபிளஷ் செய்தால் கீழ்வீட்டுக் குளியலறையில் 'களக் களக்' என்று சத்தம் வருவதாகப் பலர் சொன்னார்கள். காற்றுப் போக வழியில்லாத குழாயில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது, டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும். இப்போது குழாய்களை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் உயர்த்தி, கொசு வராமல் தலையில் வலை கட்டியிருக்கிறோம். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் காற்று மேற்கிலிருந்து வீசும் என்பதால், கிழக்கு வீட்டு ஜன்னலுக்கு நேராக எந்தக் குழாயும் நிற்காதபடி இடம் மாற்றினோம். இதற்காகக் கொத்தனாரோடு வாதாட வேண்டியிருந்தது.

தெருமுனை மேன்ஹோலில் கிளைக்குழாய் உயரத்தில் வந்து சேர்ந்ததால், கழிவுநீர் அருவிபோல் விழுந்து கரைந்திருந்த வாயுவையெல்லாம் வெளியே விட்டது. மாநகராட்சிப் பொறியாளர்கள் செங்குத்துக் குழாய் ஒன்றைப் பொருத்தி நீரைத் தளம் வரை இறக்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்த வண்டலை இயந்திரத்தைக் கொண்டே எடுத்தார்கள்.

"ஆளை இறக்கினால் ஒரு மணி நேர வேலை" என்று யோசனை சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணத்தால் ஈடாகும் விஷயமும் அல்ல. இந்த வாயு அதிகமாக இருக்கும் இடத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லை" என்று நம்பி இறங்குபவர் திரும்பி வருவதில்லை. நம் தெருவில் இனி யாரும் யாரையும் இறக்கச் சொல்லக் கூடாது. செப்டிக் டேங்க் வைத்திருப்போர் 14420 எண்ணை அழைத்தால் இயந்திரத்தோடு வருவார்கள்.

பாக்கியிருப்பது மழைநீர்க் குழாய்கள். பாதாளச் சாக்கடை வீட்டுக் கழிவுநீருக்கு மட்டும் அளவெடுத்துப் போட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தெருத்தண்ணீர் வடியட்டும் என்று மூடிகளைத் திறந்துவிட்டோம். அன்று உள்ளே போன மணலும் பிளாஸ்டிக்கும்தான் பின்னால் அடைப்பாகி, தேக்கமாகி, நாற்றமாக வந்தன. மாடி மழைநீரைச் சாக்கடையிலிருந்து பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பாத வீடுகள் இன்னும் சில உண்டு. பெயர்களை இங்கே போடவில்லை. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். குழாய் வேலைக்காரரை நாங்களே அனுப்புகிறோம், கூலி வீட்டுக்காரருடையது.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் சங்க அறையில் இருக்கின்றன, மாலை வேளைகளில் யாரும் வந்து பார்க்கலாம். மீதித் தொகையை வென்ட் குழாய் வலைகளை ஆண்டுதோறும் மாற்றுவதற்கென ஒதுக்கியிருக்கிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்