டிரைசூட்டுக்குள் என்ன போடுவது?

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி என்று படுத்துக் கிடந்தேன். இப்போது மாடி ஏறி இறங்க முடிகிறது. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். கடைசி இரண்டு வரியில் போகிற போக்கில், டிரைசூட்டுக்குள், அதாவது முக்குளிக்கும்போது போடும் தண்ணீர் புகாத உடைக்குள், என்ன போடுவது என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் பதில் நீளம்.

டிரைசூட் வாங்கியாகிவிட்டது, இனிக் குளிராது என்று எழுதியிருக்கிறாய். நீ வாங்கியிருப்பது ட்ரைலாமினேட், மூன்று மெல்லிய அடுக்கு ஒட்டிய துணி. அது மழைக்கோட்டு மாதிரி. தண்ணீரை உள்ளே விடாது, அவ்வளவுதான். நியோப்ரீன் என்கிற நுரை ரப்பர் சூட்டாக இருந்தால் கொஞ்சம் கதகதப்பு அதிலேயே இருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அதைத் தடுப்பது, உள்ளே போடும் துணி பிடித்து வைத்திருக்கும் காற்றுதான். ஆகவே சூட்டுக்குப் பார்த்த விலையைவிட உள்ளாடைக்கு யோசி.

முதல் பாடம் நான் பட்டது. பருத்தி பனியன் மேல் ஃப்ளீஸ் (பஞ்சு மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணி) போட்டுக்கொண்டு, கரையில் அரை மணி நேரம் வெயிலில் சூட்டோடு நின்று சிலிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பனியன் முதுகோடு ஒட்டியது. தண்ணீரில் இறங்கியதும் சொர்க்கம். இருபதாவது நிமிஷம் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆனது. விரல் மரத்து, டார்ச்சின் கொக்கியைக் கழற்ற மூன்று தடவை முயன்றேன். மேலே வந்து சூட்டைத் திருப்பிப் பார்த்தால் ஓர் இடத்திலும் ஒழுகல் இல்லை. அவ்வளவும் என் வியர்வை!

அதனால் தோலை ஒட்டிப் போடுவதில் பருத்தியே வேண்டாம். மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் போடு. மெரினோ நிறைய ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டாலும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது, நாற்றமும் குறைவு. நான் இப்போது அதைத்தான் போடுகிறேன். பாலியஸ்டரைத் துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் ஊற்றாதே, ஈரத்தை இழுத்து வெளியேற்றும் குணம் கெட்டுவிடும். சூட்டின் ஜிப்பைக் கடைசி நிமிஷத்தில் மூடு.

அதன் மேல் காற்றைப் பிடிக்கும் தடித்த அடுக்கு. ஃப்ளீஸ் மலிவு, ஆனால் அழுத்தினால் தட்டையாகும். தின்சுலேட் மாதிரியான நுண்ணிழை அடைத்தவை மெலிசாகவே இருக்கும், கொஞ்சம் நனைந்தாலும் வேலை செய்யும். இறகு அடைத்த ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், நனைந்தால் கூழாகிவிடும். என் கணக்கு: தண்ணீர் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் மெரினோவோடு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ளது போதும், அதற்குக் கீழே 400 கிராம், அல்லது 200 கிராமின் மேல் கையில்லாத வெஸ்ட். மேற்பரப்பு வெயிலைப் பார்த்து முடிவு செய்யாதே. நன்னீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி, அதனால் குளிர்நாட்டு ஆழமான ஏரிகளில் கோடையிலும் அடித்தண்ணீர் அதற்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

தடிமன் கூடக்கூட விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். உள்ளே காற்று அதிகம், மிதப்பு அதிகம், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயமும் அதிகம். புது உள்ளாடை வாங்கினால் ஈயத்தை மறுபடி சரிபார்: சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் மீந்திருக்கும்போது 3 மீட்டரில் அசையாமல் நிற்க முடிய வேண்டும். வாங்குமுன் அதைப் போட்டு உட்கார், குந்து, கையைத் தலைக்குப் பின்னே கொண்டுபோய் சிலிண்டர் வால்வு எட்டுகிறதா என்று பார். நான் அவசரத்தில் வாங்கிய ஒன்றில் அது எட்டவே இல்லை. இடது புஜத்தில் இருக்கும் காற்று வெளியேற்றும் வால்வை உள்துணி அடைத்துவிடக்கூடாது. அடைத்தால் மேலே வரும்போது காற்று போகாது, நீ பந்து மாதிரிப் பறப்பாய். நல்ல உள்ளாடையில் அந்த இடத்தில் வலைத்துணி இருக்கும். தண்ணீர் புகாமல் மணிக்கட்டை இறுக்கும் சீலுக்கு அடியில் மெரினோ கைநுனி ஒரு விரல்கடை சிக்கினாலும் தண்ணீர் அதன் வழியே ஊறும். உடுத்தும்போது விரலால் தடவிப் பார்.

காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் திணிக்காதே. இறுகினால் இரத்தம் ஓடாது, ஒரு ஜோடி போட்டதைவிட மோசமாகக் குளிரும். இன்னொன்று: 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, சூட்டிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும், துணியும் நசுங்கும். சூடு வேண்டுமானால் கஞ்சத்தனம் பண்ணாமல் சூட்டுக்குள் காற்றை ஏற்று.

பேட்டரியால் சூடாகும் வெஸ்ட் பற்றியும் கேட்டிருந்தாய். நல்லதுதான், ஆனால் அடியில் சூடாக இருந்துவிட்டு மேலேறும்போது பேட்டரி தீர்ந்து நடுங்குவது ஆபத்து. அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2007இல் வெளியிட்ட அறிக்கை, அடியில் சூடு, ஏறும்போது குளிர் என்பதே அழுத்தநீக்க நோய்க்கு (மேலேறும்போது உடம்பில் வாயுக் குமிழி உண்டாவதற்கு) மிக மோசமான சேர்க்கை என்று காட்டியது. வாங்கினால் பேட்டரியை ஏறும் நேரத்துக்கு மிச்சம் வை. அது இல்லாமலும் சமாளிக்கக்கூடிய உள்ளாடை எப்படியும் உனக்கு வேண்டும்.

என்னிடம் பழைய வெஸ்ட் ஒன்று இருக்கிறது. உன் மார்பளவை எழுதி அனுப்பு, பொருந்தினால் அனுப்பி வைக்கிறேன். பாக்கெட் ஓட்டையை நானே தைத்தது, பார்த்துச் சிரிக்காதே.

அன்புடன்,
ராகவன்