வைகைக் கரையிலிருந்து பொருநைக் கரை வரை: குழுவாக வருவோருக்கு ஒரே பட்டியலும் ஒரே தொடர்பு எண்ணும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்,
வேடசந்தூர் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
சுற்றுலாத் துறை,
தமிழ்நாடு அரசு,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள அருங்காட்சியகங்கள், அகழாய்வு இடங்கள், நினைவிடங்களுக்கு வரும் குழுக்களுக்காக, விடுமுறை நாள், திறந்திருக்கும் நேரம் அடங்கிய பொதுப் பட்டியலும் முன்கூட்டித் தெரிவிக்க ஒரே தொலைபேசி எண்ணும் வேண்டுதல் தொடர்பாக.

வணக்கம். நாங்கள் 18 பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள், விவசாயிகள், ஒரு தையற்காரர், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் மூவர். மூத்தவருக்கு 76 வயது. நூலகத்தில் வரலாற்று நூல்களைப் படித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, படித்த இடங்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் ஓராண்டு சேர்த்தோம். ஒரு வேன் பிடித்து நான்கு நாள் போய் வந்தோம்.

முதல் நாள் மதுரை. ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அண்ணல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணியைப் பார்த்தோம். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேலாடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில், மேலமாசி வீதியில் இருந்த வீட்டில்தான். அங்கே எங்களில் யாரும் அதிகம் பேசவில்லை. மதியத்துக்கு மேல் கீழடி போனோம்.

கீழடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம். ஆனால் எங்களோடு வந்த அக்கா ஒருவர் நூல் நூற்கும் சுடுமண் தக்களிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவேயில்லை. 26 ஆண்டுகள் நூற்பாலையில் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் நின்று வேலை பார்த்தவர் அவர். "இதுல இருந்துதான் நம்ம ஸ்பிண்டில் வந்திருக்கு" என்று சொல்லி, தக்களியை எப்படிச் சுழற்றுவார்கள், நூல் எப்படி முறுக்கேறும் என்று கையாலேயே செய்து காட்டினார். கல்லூரிப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த தாயக்கட்டையும் வட்டச் சில்லுகளும் எல்லாருக்கும் தெரிந்த சாமான்கள்தானே, அப்புறம் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டோம். அந்தத் தளத்தின் ஒரு மாதிரி கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்ததை முன்பே படித்திருந்தோம். அவ்வளவு பழைய காலத்திலும் தங்களைப் போல நூல் நூற்றவர்கள் இருந்தார்கள் என்பது எங்கள் மில் தொழிலாளர்களுக்கு அன்றைக்குத்தான் மனதில் பட்டது.

இரண்டாம் நாள் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் சேதுபதி மன்னர்களின் காலத்துச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலை வழியே தூத்துக்குடி சேர்ந்தோம். மூன்றாம் நாள் பாஞ்சாலங்குறிச்சி. பழைய கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போது நிற்பது 1974-இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லம் இருக்கிறது. பிறகு பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கைக்குப் போனோம். கடல் எங்கேயோ விலகிப் போய்விட்டது, ஊர் மட்டும் இருக்கிறது.

நான்காம் நாள் ஆதிச்சநல்லூர். 1876-இல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டி, கிடைத்ததைத் தன் நாட்டுக்கு எடுத்துப் போனார். 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த பொன் நெற்றிப் பட்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. இப்போதுதான் இறந்தோரைப் புதைத்த தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பரப்பி, நாம் அதன் மீது நின்று பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். எங்கள் குழுவின் மூத்த விவசாயி அந்தக் கண்ணாடி மேல் ரொம்ப நேரம் நின்றார். "என் காட்டுல ஏர் ஓட்டும்போது இந்த மாதிரிப் பானை தட்டுப்பட்டிருக்கு. உடைச்சு வரப்புல போட்டிருக்கேன்" என்றார். ஊர் திரும்பிய மறுவாரமே, இனி அப்படி ஏதாவது தட்டுப்பட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நூலகத்துக்கு வந்து கேட்டார். வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்தோம். பாதுகாக்க வேண்டும் என்று ஆயிரம் பலகை வைப்பதைவிட இப்படி ஒருவரை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுவது பலன் தரும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். இந்த மனுவை எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

அன்று மாலை கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றிலும், பாரதி பிறந்த எட்டயபுரத்திலும் பயணத்தை முடித்தோம். எட்டயபுரம் என்றால் எல்லாரும் பாரதியை மட்டும்தான் சொல்கிறார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் முத்துசுவாமி தீட்சிதரும் அடக்கமான ஊரும் அதுதான்.

இனி எங்கள் குறையைச் சொல்கிறோம். இந்தப் பயணத்தில் ஓரிடத்துக்குக் காலை நேரத்திலேயே போய்ச் சேர்ந்தோம், கதவு பூட்டியிருந்தது. அன்று வார விடுமுறை என்பதை எதிரே இருந்த டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வாசலில் அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. இரண்டு நாளாக அந்த இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்த, முழங்கால் வலியுள்ள எங்கள் ஆசிரியர் அம்மா கம்பிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். மறுநாளும் தங்க எங்களிடம் பணம் இல்லை. இடத்தின் பெயரைச் சொல்லி யாரையும் குறை கூறுவது எங்கள் நோக்கம் இல்லை. ஊழியர்களுக்கும் விடுமுறை வேண்டும். விடுமுறையை மாற்றச் சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை.

சிக்கல் எங்கே என்பதை ஊருக்கு வந்த பிறகு விசாரித்துப் புரிந்துகொண்டோம். கீழடி மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஆதிச்சநல்லூர் இந்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. மாவட்டங்களில் உள்ள அரசு அருங்காட்சியகங்களுக்குத் தனித் துறை, தலைவர்களின் நினைவில்லங்கள் பலவற்றைப் பராமரிப்பது செய்தித் துறை. கீழடிக்குச் செவ்வாய் விடுமுறை, அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி. ஒவ்வொன்றும் அதனதன் அளவில் சரிதான். ஆனால் ஒரே சாலையில் வரிசையாகப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை. இவை அனைத்தும் பயணிகள் வரும் இடங்கள் என்பதால், அந்த வேலையைச் சுற்றுலாத் துறை ஏற்பதே பொருத்தம் என்று தங்களிடம் வருகிறோம்.

மாவட்டச் சுற்றுலா அலுவலர்கள் வழியாக இந்த நான்கு மாவட்ட இடங்களுக்கும் ஒரே பட்டியல் தயாரித்துத் தர வேண்டுகிறோம். வார விடுமுறை, திறக்கும் மூடும் நேரம், கட்டணம், கழிப்பறையும் குடிநீரும் உண்டா, நடக்க முடியாதவர்களுக்குச் சாய்தளம் உண்டா என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். தங்கள் துறையின் இணையதளத்திலும் ஒவ்வோர் இடத்தின் வாசலிலும் அதை வைக்க வேண்டும். கைப்பேசி பழகாத பெரியவர்கள் பலர் என்பதால் வாசல் பலகை முக்கியம். பராமரிப்புப் பணிக்காக இடையில் மூட நேர்ந்தால் அதையும் அந்தப் பட்டியலில் உடனே சேர்க்க ஏற்பாடு வேண்டும்.

குழுவாக வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரே ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். நாங்கள் இந்தமுறை ஏழு எண்களுக்குப் பேசினோம், மூன்றில்தான் ஆள் கிடைத்தது. சொல்லிவிட்டு வரும் குழுவுக்கு, அங்கே பணியில் இருப்பவர் பத்து நிமிடம் நின்று விளக்கிச் சொன்னால் அதுவே பெரிய உதவி.

நாங்கள் சென்று வந்த இடங்களில் குறித்துக்கொண்ட விவரங்களைக் கையால் எழுதிய மாதிரிப் பட்டியலாக இம்மனுவுடன் இணைத்துள்ளோம். அலுவலர்கள் சரிபார்த்துத் திருத்திக்கொள்ள உதவும். தை மாதம், பொங்கல் முடிந்த பிறகு, பக்கத்து ஊர் நூலக வாசகர்களையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் இதே வழியில் போகத் திட்டமிட்டுள்ளோம். அதற்குள் பட்டியல் கிடைத்தால் அதைப் பார்த்தே நாள் குறிப்போம். இந்த முறை கதவருகே நின்று திரும்பிய ஆசிரியர் அம்மாவின் பெயரைத்தான் முதலில் எழுதி வைத்திருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தினர் (18 பேர் கையொப்பம்)

இணைப்பு: மாதிரிப் பட்டியல், 2 பக்கங்கள்