நம் ஆங்கில டீச்சரைப் பற்றி, பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் சென்ற வாரம் காலமானார். உங்களில் சிலர் அவரிடமே படித்தவர்கள். செய்தி முன்பே வந்து சேர்ந்திருக்கும். ஓய்வுக்குப் பிறகும் அவர் நூலகத்துக்கு வந்து, கிழிந்த புத்தகங்களைத் தைத்து பைண்டிங் செய்வதை நிறுத்தவில்லை. அதனால் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட அவரைத் தெரியும். 'பைண்டிங் பாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவருக்கு ஏக சந்தோஷம்.

சின்னப் பிள்ளைகள் வீட்டில் கேட்டால், பாட்டி இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்கள். அப்புறம் தூங்குவதற்கே பயப்படுகிற பிள்ளைகளும் உண்டு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

டீச்சருக்கு எத்தனை பொழுதுபோக்குகள் என்று எங்கள் யாருக்குமே சரியாகத் தெரியாது. செஸ் ஆடுவார், செடி வளர்ப்பார், நின்றுபோன கடிகாரத்தைப் பிரித்து ஓடவைப்பார். இதெல்லாம் ஒரு பக்கம், பாடம் இன்னொரு பக்கம் என்று அவர் வைத்துக்கொள்ளவே இல்லை. சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தான் பிள்ளைக்கு மொழி வரும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அவரோடு வேலை பார்த்த எனக்கும் இன்றுவரை அதுதான் சரியென்று படுகிறது.

அவரிடம் ஒரு சின்ன டெலஸ்கோப் இருந்தது. வியாழன் கோள் தெரிகிற மாதங்களில், பெற்றோர் அனுமதியோடு வரும் பிள்ளைகளை மாலையில் மைதானத்தில் நிறுத்திப் பார்க்கவைப்பார். கோளை ஒட்டி, ஒரே கோட்டில் வைத்ததுபோல நான்கு ஒளிப்புள்ளிகள் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலவுகள். பார்த்ததை நோட்டில் வரைய வேண்டும், அடுத்த நாளும் வந்து வரைய வேண்டும். நான்கில் கோளுக்கு மிக அருகில் இருக்கும் அயோ, இரண்டு நாள் முடிவதற்குள் வியாழனை ஒரு சுற்று சுற்றிவிடும் என்பதால் இரண்டு படங்களும் ஒன்றுபோல இருக்காது. கோளுக்குப் பின்னால் மறைந்து, ஒரு புள்ளி காணாமலே போகிற நாளும் உண்டு. அப்போதுதான் கேட்பார்: "நேற்று எங்கே இருந்தது? இப்போது எங்கே இருக்கிறது? நாளைக்கு எங்கே இருக்கும்?" பதிலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் பிள்ளைகள் அந்த நோட்டில்தான் கற்றுக்கொண்டார்கள். கரும்பலகையில் அட்டவணை போட்டு நடத்திய எந்த வகுப்பிலும் அவ்வளவு ஆர்வத்தை நான் கண்டதில்லை.

அஞ்சல்தலை சேகரிப்பும் அப்படித்தான். ஒட்டிய தலையை உறையிலிருந்து உரித்தெடுக்க யாரையும் விடமாட்டார். அந்த மூலையை மட்டும் வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பசை இளகும்வரை காத்திருக்க வேண்டும். ஈரம் போனதும் கனமான புத்தகத்துக்கு அடியில் வைக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் கதை சொல்வார். உலகின் முதல் அஞ்சல்தலை 1840இல் பிரிட்டனில் வந்தது; முதலில் வெளியிட்ட நாடு என்பதால் இன்றும் பிரிட்டன் தன் தலைகளில் நாட்டின் பெயரைப் போடுவதில்லை, அரசரின் உருவமே அடையாளம் என்பார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன், தன் ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலை வணக்கக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசினான். தடுமாறித்தான் பேசினான், ஆனால் முழுவதும் பேசி முடித்தான். டீச்சர் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி ஆண்டுகளில் அவருடைய நேரமெல்லாம் நூலகத்தில்தான். கிழிந்த புத்தகத்தில் செல்லோடேப் ஒட்டினால் அவருக்குப் பொறுக்காது. சில ஆண்டுகளில் டேப் மஞ்சளாகி உதிரும், பசையின் கறை மட்டும் தாளில் நிற்கும். அதனால் தாள்மடிப்புகளைப் பிரித்து, ஊசியும் நூலுமாகத் தைத்து, முதுகில் துணி ஒட்டி, மேலே பாரம் ஏற்றி வைப்பார். தைக்கும்போது பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். உச்சரிப்பு தவறினால் உடனே நிறுத்தித் திருத்தமாட்டார். பக்கம் முடிந்த பிறகு அந்தச் சொல்லைத் தானே ஒருமுறை மெல்லச் சொல்வார், அவ்வளவுதான். எங்கள் இளம் ஆசிரியர்கள் பலர் இந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி முடிந்ததும் நூலகத்தில் அவரை நினைத்துக் கூடுகிறோம். நீளமான உரைகள் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவரிடம் படித்தவர்கள் வந்து, நினைவில் இருப்பதை இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவர் தைத்துக் கொடுத்த புத்தகமோ, பிள்ளைகள் வரைந்த அந்தப் பழைய நோட்டுகளோ வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். மேசையில் வைத்துவிட்டு, போகும்போது எடுத்துச் செல்லலாம். அவருடைய டெலஸ்கோப்பைக் குடும்பத்தார் பள்ளிக்கே கொடுத்துவிட்டார்கள். வானம் தெளிவாக இருந்தால் இருட்டியதும் மைதானத்தில் வைப்போம்.

அவர் பாதியில் விட்ட புத்தகங்கள் சில அலமாரியில் இருக்கின்றன. தைக்கத் தெரிந்த பெற்றோர் யாராவது வாரம் ஒரு மணி நேரம் வந்து உதவ முடியுமானால் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்