'சில மணி நேரம்' என்றால் எத்தனை மணி நேரம், ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் அணு மின்சாரம் பற்றி வந்த நடுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கல்பாக்கம் பற்றிய பத்தியில், ஆபத்து என்று வந்தால் நல்ல சாலை வசதி இருப்பதால் சுற்றுவட்டார மக்களைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அடுத்த பத்தியே யூனிட் விலைக்குப் போய்விட்டது. எங்கள் உயிர் விஷயம் அந்த ஒரு வரியோடு சரி.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் தடத்தில் மட்டும் பத்தொன்பது ஆண்டுகள் ஓட்டினேன். வீடு புதுப்பட்டினம். அந்தச் சாலையில் எந்த வளைவில் எந்த கியர் போட வேண்டும் என்று இன்றும் என் காலுக்குத் தெரியும். அதனால்தான் அந்த 'சில' என்ற சொல் தூங்கவிடவில்லை. ஒரு நடைக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலே காரணம் எழுதிக் கொடுத்த பிழைப்பு எங்களுடையது. ஒரு ஊரையே கிளப்புவதற்கு நேரம் சொல்கிறவர், எத்தனை என்று ஒரு எண்ணைச் சொல்ல வேண்டாமா?

இங்கிருந்து வெளியே போக மூன்று வழிதான். கிழக்கே கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மாமல்லபுரம், தெற்கே பாலாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம், மேற்கே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. காற்று எந்தத் திசையை நோக்கி அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகக்கூடாது என்பதால், காற்று கடல் பக்கம் அடித்தாலொழிய, மூன்றில் ஒன்று கழிந்துவிடும். மாமல்லபுரத்திலிருந்து மேற்கே திரும்புகிற வண்டியும் கல்பாக்கத்திலிருந்து மேற்கே வருகிற வண்டியும் ஒரே திருக்கழுக்குன்றத்தில்தான் வந்து சேரும். அந்த ஊரின் கடைத்தெருவில் சாதாரண வெள்ளிக்கிழமையே பேருந்தைத் திருப்ப நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். சித்திரைத் தேர் அன்றைக்கு? காணும் பொங்கலன்று மாமல்லபுரம் வழியில்? மாசி மகத்துக்கு இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடியிருக்கும் இரவில்? சாலை அகலமாகிவிட்டது என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். சாலை அகலமான வேகத்தைவிட வண்டி பெருகிய வேகம் அதிகம், ஐயா.

நான் சொல்வதெல்லாம் ஊகமில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. சுனாமி வந்த அன்று கல்பாக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அணு உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. வெளியே நடந்ததைச் சொல்கிறேன். காலை நடையில் வந்து புதுப்பட்டினத்தில் வண்டியை நிறுத்தினேன். குப்பத்திலிருந்து ஜனம் ஓடி வருகிறது. கால் மணி நேரம் கழித்து அதே ஜனம் திரும்பக் கடலைப் பார்த்து ஓடுகிறது. பிள்ளையைக் காணோம், அம்மாவைக் காணோம், கட்டிய மாட்டை அவிழ்க்கவில்லை. ஒரு பாட்டி படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என் பேரன் இன்னும் வரலப்பா, வண்டிய எடுக்காதப்பா" என்று நின்றது. எடுக்காமல்தான் நின்றேன். வெளியேற ஆகும் நேரம் வண்டி நகரும்போது தொடங்குவதில்லை. அந்தப் பேரன் கிடைக்கும்வரை ஆகும் நேரமும் அதில் சேர்த்திதான்.

நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி, இன்னொரு அலை வரக்கூடும் என்று டெல்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. பொய்யாகப் போனது அது, நீங்களும் செய்தி போட்டீர்கள். அன்றைக்கு யாரும் யாரையும் வெளியேற்றவில்லை, ஊர் தானாகக் கிளம்பியது. கடலைப் பார்த்தே அறியாத, கரையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களும் கிளம்பின. டிராக்டர், மீன் வண்டி, சைக்கிள், தலையில் மூட்டை. என் பேருந்தில் நூறு பேருக்கு மேல். திருக்கழுக்குன்றம் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. வேபில்லில் கண்டக்டர் நேரம் எழுதினார், நானும் என் நோட்டில் எழுதி வைத்தேன்.

இறக்கிவிட்டு இரண்டாம் நடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். முடியவில்லை. சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. உண்மையை எழுதுகிறேன்: என் மனைவியும் பதினொரு வயது மகளும் அதே வண்டியில் இருந்தார்கள். அவர்களை ஒரு மண்டபத்தில் விட்டுவிட்டுத் திரும்ப நான் பெரிதாக முயலவும் இல்லை. கதிர்வீச்சு என்று சொன்னால் எத்தனை ஓட்டுநர் இரண்டாம் நடைக்கு வருவார்கள்? இந்தக் கேள்வியை எங்களிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பேருந்து எண்ணிக்கையை மட்டும் பணிமனையில் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் பாதிப் பேருக்குச் சொந்த வண்டி இல்லை என்று வையுங்கள். ஐயாயிரம் பேர். நெருக்கி ஏற்றி ஒரு பேருந்துக்கு 75 பேர் என்றால் 67 நடை. இருபது பேருந்து வந்தால் நான்கு சுற்று. ஏற்ற அரை மணி, போக ஒரு மணி, காலியாகத் திரும்ப ஒரு மணி. கடைசி ஆள் இறங்கும்போது ஒன்பது மணி நேரம். இது சாலை காலியாக இருந்து, ஓட்டுநர் அத்தனை பேரும் திரும்பி வந்து, மழையும் பெய்யாமல் இருந்தால். இதில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களைச் சேர்க்கவில்லை.

அன்று பேருந்தில் என் மடியருகே உட்கார்ந்திருந்த மகள் இன்று சென்னையில் கணினி வேலையில் இருக்கிறாள். உங்கள் கட்டுரையைக் காட்டியதும் அவள்தான் சில விவரங்களை எடுத்துப் படித்துச் சொன்னாள். 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் விபத்து நடந்தபோது, 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி செல்லாத சிறு பிள்ளைகளும் விலகிப் போகலாம் என்றுதான் ஆளுநர் சொன்னார். கிளம்பிப் போனவர்கள் சுமார் 1,44,000 பேர். எங்கள் டிசம்பர் 30 அங்கேயும் நடந்திருக்கிறது. அதன் பிறகு அங்கே ஒவ்வொரு அணு மின் நிலையத்துக்கும் 16 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்கு வெளியேறும் நேரத்தைக் கணக்குப் போட்டே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். பகலுக்கு ஒரு நேரம், இரவுக்கு ஒன்று, வார நாளுக்கு ஒன்று, விடுமுறைக்கு ஒன்று, மழை பனிக்கு ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போக எவ்வளவு, கடைசி ஆளும் போக எவ்வளவு என்று தனித்தனியாக. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை எடுத்ததும் கணக்கையும் திருத்த வேண்டும். நம்மிடம் எடுத்து முடித்த கடைசிக் கணக்கெடுப்பே 2011உடையது. அதற்குப் பிறகு புதுப்பட்டினத்தில் எழும்பிய மாடி வீடுகளை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

அந்த எண் எதற்கு என்றால், ஓடுவதா, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பதா என்று முடிவு செய்ய. கதிர்வீச்சு கலந்த புகை வந்து சேர மூன்று மணி நேரம், ஊர் காலியாக ஒன்பது மணி நேரம் என்றால் ஜனத்தைச் சாலையில் கொண்டுபோய் நிறுத்துவது கொலைக்குச் சமம். நேரம் தெரியாமல் அந்த முடிவை எந்த ஆட்சியராலும் எடுக்க முடியாது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஷோர்ஹாம் என்ற நிலையத்தைச் சுமார் 600 கோடி டாலர் செலவில் கட்டினார்கள். மக்களைப் பத்திரமாக வெளியேற்ற வழியில்லை என்று அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போல) நிர்வாகம் 1983இல் சொல்லிவிட்டது. வணிக உற்பத்தி தொடங்காமலே அது மூடப்பட்டது. ஜப்பானில் டோக்காய் இரண்டாம் நிலையத்தை இயக்கக்கூடாது என்று 2021 மார்ச்சில் மிட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் வெளியேற்றும் திட்டம் போதாது என்பதால்தான். ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்தின் முதல் நாள் இரவு 3 கிலோமீட்டர், மறுநாள் விடியலில் 10, மாலையில் 20 என்று வெளியேறும் உத்தரவு நீண்டுகொண்டே போனது. அங்கே ஃபுத்தாபா மருத்துவமனையிலிருந்து வெளியேற்றப்பட்ட நோயாளிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட முதியவர்கள், பல மணி நேரப் பேருந்துப் பயணத்திலும் அலைச்சலிலும் இறந்துபோனார்கள். கதிர்வீச்சு அவர்களைக் கொல்லவில்லை. இதை மகள் படித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தப் பேருந்தையும் என்னைப் போல ஒருவர்தானே ஓட்டியிருப்பார்.

வெளியேற்றும் ஒத்திகை நடக்கிறதே என்பீர்கள். நானும் ஒன்றுக்கு ஓட்டியிருக்கிறேன். எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லமாட்டேன். வந்திருந்தவர்கள் மேலிடம் சொன்னதைச் செய்தவர்கள். முதல் நாள் மாலையே டீசல் நிரப்பி வண்டியைக் கோயில் அருகே நிறுத்தச் சொன்னார்கள். காலையில் ஏறியவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள். எதிரே வந்த வண்டியைக் காவலர்கள் ஓரங்கட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் வீட்டில். அந்த நேரத்தை வெளியேறும் நேரம் என்று யாராவது எழுதி வைத்திருந்தால், தயவுசெய்து அடித்துவிடச் சொல்லுங்கள்.

முதலில் தகவல் எப்போது வரும் என்பதே எங்கள் கவலை. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் மறுசெயலாக்க ஆலையில் 6 ஊழியர்கள் அளவுக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளானது பல மாதம் கழித்துத்தான் வெளியில் தெரிந்தது. அவர்கள் எங்கள் பக்கத்து ஜனம். கேட்டால் பீதியைக் கிளப்பாதீர்கள் என்கிறார்கள். நாங்கள் பீதியாக இருந்தால் இங்கே வீடு கட்டியிருப்போமா? இந்த நிலையத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள், எங்கள் அரிசியும் அதில்தான் வேகிறது. நிலையத்தை மூடச் சொல்லி இந்தக் கடிதம் எழுதவில்லை. 2011இலும் உங்களுக்கு இதையே எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கி, 'சாலைகளைச் சீரமைக்கக் கோரிக்கை' என்று தலைப்பிட்டுப் போட்டீர்கள். முப்பது ஆண்டு வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது எனக்கு வலித்தது.

இந்த முறை கேட்பது இவ்வளவுதான். உங்கள் செங்கல்பட்டு மாவட்டப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 16 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு ஊரும் எந்த வழியில், எந்தப் பள்ளிக்கோ மண்டபத்துக்கோ போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மழையில் கடைசி ஆளும் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்கள் நிருபர் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே அச்சிடட்டும். பதில் கிடைக்காவிட்டால் கேட்ட தேதியை அச்சிடுங்கள். கட்டுரையாளர் ஒருநாள் வந்தால், செங்கல்பட்டிலிருந்து இங்கே வரை பேருந்தில் அவரோடு நானும் வருகிறேன். என் நடை நோட்டுகள் பதினொன்று இன்னும் பெட்டியில் இருக்கின்றன. 30ஆம் தேதி எழுதிய பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
புதுப்பட்டினம்.