மணற்காடு வெறும் மணல் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழின் சுற்றுலாப் பக்கத்தில், யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடலோர ஊரான மணற்காட்டைப் பற்றி, "ஆளில்லாத வெறும் மணல்வெளி, யாரும் தனியே ஒரு மணித்தியாலத்தில் நடந்து முடித்துவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் வாகனத்தை விட்டு இறங்கினாரா என்பதே எனக்கு ஐயம்.

வல்லிபுரக் கோயிலில் ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரையால் மணற்காடு வரை தனியே நடப்பது என் நெடுநாள் வழக்கம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். மணற்கும்பியில் ஏறும்போது வைத்த அடியில் பாதி பின்னால் சறுக்கும். திரும்பிப் பார்த்தால் வந்த தடத்தைக் காற்று மூடியிருக்கும். இராவணன் மீசைப் புல்லின் முள் கணுக்காலைக் குத்திக் கிழிக்கும். நிழலென்று சவுக்கங்காட்டுக்குள் புகுந்தாலோ எல்லாத் திசையும் ஒன்றாகவே தெரியும். உங்கள் கட்டுரை வந்த கிழமையே, ஓர் இளைஞர் உச்சி வெயிலில் வெறும் போத்தலோடு தலைசுற்றி உட்கார்ந்திருக்கக் கண்டேன். ஒரு மணித்தியாலம்தானே என்று நம்பி வந்தாராம். நீங்கள் ஆளில்லை என்று எழுதிய அந்த ஊரின் மீனவர் ஒருவர்தான் தண்ணீர் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் பஸ்ஸில் விட்டார்.

மணலில் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்களை அழகாகப் படம் பிடித்துப் போட்டீர்கள். அங்கே செபித்தவர்களின் பிள்ளைகள் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன உறவுகளுக்காக இன்றும் அழும் ஊர் அது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 1936இல் பொற்சாசனம் கிடைத்த வல்லிபுரத்துக்கும் ஒரு வரி இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாரி மழையைக் குடித்து, உப்புநீருக்கு மேலே நன்னீரை வைத்திருந்து இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குக் கொடுப்பது இந்த மணல்தான். அதை இரவோடு இரவாக டிப்பர் லொறியில் அள்ளிக்கொண்டு போவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். தங்கள் பொறுப்பில்லை என்று அடுத்த அலுவலகத்தைக் காட்டினார்கள். தங்களுக்கும் கடிதம் எழுதினேன், அது பிரசுரமாகவில்லை. வெறும் மணல் என்று பத்திரிகையே எழுதினால், அள்ளுகிறவனை யார் தட்டிக் கேட்பது?

நான் கேட்பது அதே பக்கத்தில் நான்கு வரிதான். தனியே நடப்பவர்கள் விடியப் புறப்பட்டு வெயில் ஏறுமுன் நடையை முடிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீரும் தொப்பியும் மூடிய சப்பாத்தும் வேண்டும். எந்த வழியால் போகிறோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தேவாலயச் சுவரில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம் என்பதையும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சி வாசகர்